ஓரம் போனால் போதுமா?

"ஓரம் போ!"

நம் சாலைகளில் பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஒலித்துக்கொண்டே இருக்கும் கட்டளை இது. வாயால் சொல்வோர் சிலர். ஹாரனை அழுத்திச் சொல்வோர் பலர். யாரைப் பார்த்து இந்தக் கட்டளை? லாரியைப் பார்த்தா? அதனிடம் செல்லாது. பஸ்ஸைப் பார்த்தா? அது காதில் போட்டுக்கொள்ளாது. சோற்றுத் தூக்கை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ஷிப்டு தொடங்குவதற்குள் ஆலை வாயிலை அடைய வேண்டுமே என்ற பதைப்போடு சைக்கிள் மிதித்துப் போகிறானே, அந்தப் பாட்டாளியைப் பார்த்துத்தான் இந்தக் கட்டளை பிறக்கிறது!

அவனும் ஒதுங்குகிறான். ஒதுங்கி ஒதுங்கித் தார் முடிகிற இடத்துக்கே போய்விடுகிறான். அங்கே அவனுக்காகக் காத்திருப்பவை எவை? குவிந்து கிடக்கும் மணல். மழைநீர் வடிகாலின் கம்பி இடுக்கு. நேற்றுத் தோண்டி இன்றும் மூடாத பள்ளம். நிறுத்தி வைத்த காரின் திடீரென்று திறக்கும் கதவு. இவற்றில் ஒன்றில் சறுக்கி அவன் சாலைப் பக்கம் சாய்ந்தால், பின்னால் வரும் சக்கரத்துக்கு முன்னால் விழுகிறான். மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வருகிறது: நிலைதடுமாறி விழுந்தார், லாரி ஏறியது. நிலை ஏன் தடுமாறிற்று என்று அந்த நாலு வரி கேட்பதில்லை.

நாம் கேட்கிறோம். ஓரம் போனால் உயிர் தப்பும் என்று சொல்லிச் சொல்லியே ஒருவனை ஆபத்தின் வாயிலே தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

போன தலைமுறைச் சங்கதியா?

"சைக்கிளா? அது போன தலைமுறைச் சங்கதி ஐயா! இன்று எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். 2011-ல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கு என்ன சொல்லுகிறது? இந்தியாவில் நூறு வீட்டுக்கு ஏறத்தாழ 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. கார் இருந்ததோ நூற்றுக்கு ஐந்து வீட்டில்கூட இல்லை. அதன் பிறகு மோட்டார் சைக்கிள் பெருகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விடியுமுன் வீடு வீடாகப் பத்திரிகை போடும் பையன் எதில் போகிறான்? பால் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறவர் எதில் வருகிறார்? இரவுக் காவல் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பும் முதியவர் எதில் திரும்புகிறார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்து, திருப்பூரிலும் ஒரகடத்திலும் கூட்டங்கூட்டமாக வேலைக்குப் போகும் வெளிமாநிலத் தோழர்களிலே எத்தனையோ பேர் எதை மிதித்துப் போகிறார்கள்? பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசே விலையில்லாமல் கொடுத்து, பள்ளிக்குப் போய் வா என்று அனுப்புகிற வண்டி எது?

புதுக்கோட்டையை மறந்துவிட்டோமா? 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கும் பெண்களும், வயலில் கூலி வேலை செய்யும் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், ஆண் துணைக்குக் காத்திருந்தவள், தானே தனியே புறப்பட்டாள். அவளைக் கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த இரண்டு சக்கரத்துக்குச் சாலையிலே இடமில்லை என்றால், அவள் பெற்ற விடுதலைக்கே இடமில்லை என்று பொருள்.

நம் தோழர்களை எடுத்துக்கொள்வோம். பசை வாளியை ஒரு பக்கமும், சுவரொட்டிக் கட்டை மறு பக்கமும் தொங்கவிட்டு நள்ளிரவிலே புறப்பட்டவர்கள் எத்தனை பேர்! கொடி கட்டிய சைக்கிளோடு மாநாட்டுக்கு மாவட்டம் தாண்டி மிதித்து வந்தவர்கள் எத்தனை பேர்! இயக்கங்கள் வளர்ந்ததிலே அந்தச் சக்கரங்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே இது யாரோ சிலரின் பிரச்சினை அல்ல. நம் வீட்டுப் பிரச்சினை.

வேகம் என்னும் எதிரி

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே ஒப்புக்கொள்ளுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுதும் சைக்கிள் மிதித்து வந்தவர்கள் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஓராண்டில் மடிந்தார்கள். கார் மோதிச் சைக்கிள்காரன் செத்தான் என்று நாள்தோறும் படிக்கிறோம். சைக்கிள் மோதிக் காரில் இருந்தவர் செத்தார் என்று என்றைக்காவது படித்ததுண்டா? ஒரு பக்கம் ஒரு டன்னுக்கு மேல் இரும்பு. மறுபக்கம் எலும்பும் சதையும். எச்சரிக்கை யாருக்கு அதிகம் வேண்டும், எலும்புக்கா இரும்புக்கா?

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் பாய்கிறது. ஓட்டுகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு வினாடி ஆகிவிடும். அதற்குள் நாலு கார் நீளம் கடந்துவிடுகிறது! 30 கிலோமீட்டரில் வந்தால் அதே வினாடியில் எட்டு மீட்டர்தான் நகரும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் விசையும் இரண்டு மடங்குதானே என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி சுமந்து வரும் ஆற்றல் நாலு மடங்காகிறது. காலில் கட்டோடு போக வேண்டியவன் பாடையிலே போவது இந்த வேறுபாட்டினால்தான். நடப்போரும் மிதிப்போரும் மோட்டார்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று, 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு அறிவித்தது. நம் ஊர்க் கடைவீதிகளிலும் பள்ளி வாசல்களிலும் இது நடக்கிறதா?

காரை முந்துவது போலவே சைக்கிளையும் உரசி முந்துகிறார்கள். ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் சைக்கிளை முந்தும் மோட்டார் வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளியே போக வேண்டும்; ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். பிரிட்டனின் சாலை விதிகளிலும் 2022-ல் ஒன்றரை மீட்டர் என்று எழுதினார்கள். ஒன்றரை மீட்டர் என்றால் ஏறத்தாழ ஐந்தடி. ஒருவன் பள்ளத்தைக் கண்டு விலகினாலும், காற்றில் ஆடினாலும், உயிர் பிழைக்க வேண்டிய இடைவெளி அது. அந்த ஐந்தடியைக் கொடுக்க முடியாவிட்டால், பத்து வினாடி பின்னால் வரட்டுமே! குடியா முழுகிப் போகும்?

இதைப் படிப்பவர்களில் லாரி ஓட்டும் தோழர் இருப்பீர்கள். வாடகைக் கார் ஓட்டும் தோழர் இருப்பீர்கள். உங்களையும் நாம் அறிவோம். நேரத்துக்குள் சரக்கைச் சேர்க்காவிட்டால் முதலாளி கூலியைக் குறைக்கிறார். கைபேசியில் வரும் அடுத்த சவாரி உங்களை விரட்டுகிறது. அந்த விரட்டலின் கோபத்தைச் சைக்கிள்காரன் முதுகிலே இறக்காதீர்கள். நேற்று உங்கள் தகப்பனார் மிதித்த வண்டிதான் அது.

நம் கையில் இருப்பவை

அதிகாரம் திருந்தும் வரை காத்திருக்க உயிர் பொறுக்காது. இன்று மாலையே வீடு சேர வேண்டும். அதற்கு நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறோம். எல்லாம் அனுபவம் கற்றுக்கொடுத்த பாடங்கள்.

முதலாவது, தாரின் விளிம்பிலே போகாதீர்கள். இடப் பக்கந்தான், ஆனால் விளிம்பிலிருந்து இரண்டு மூன்றடி உள்ளே, ஒரே நேர்கோட்டில் போங்கள். நிறுத்திய வண்டிகளின் இடைவெளியில் நுழைந்து நுழைந்து வெளிவராதீர்கள். நேராகப் போகிறவனைப் பின்னால் வருகிறவர் தொலைவிலேயே கண்டுகொள்வார். நெளிந்து போகிறவனைக் கடைசி நொடியில்தான் காண்பார். நிறுத்தி வைத்த காரை ஒரு கதவின் அகலம் விட்டே கடந்து செல்லுங்கள். காரில் இருப்போருக்கும் ஒரு சொல்: வலக் கதவைத் திறக்க இடக் கையை நீட்டுங்கள். உடல் தானே திரும்பும். பின்னால் வருகிறவன் கண்ணில் படுவான். ஹாலந்து நாட்டின் பேரால் உலகம் அறிந்த முறை இது. காசு செலவில்லை.

இரண்டாவது, லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப் பக்கமாக நுழையாதீர்கள். நம் நாட்டில் ஓட்டுநர் வலப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். உயர்ந்த லாரியின் இடப் பக்கம், கதவை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சிக்னலில் அந்த இடுக்கிலே நின்று, லாரி இடப்புறம் திரும்பும்போது பின் சக்கரத்திலே அகப்பட்டவர்கள் பலர். அடையாளம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள். நிறுத்தத்தில் நிற்க வரும் பஸ்ஸுக்கும் இதேதான்.

மூன்றாவது, எதிர்த் திசையில் போகாதீர்கள். வேண்டுமென்று யாரும் போவதில்லை; நாமறிவோம். நாலுவழிச் சாலை போட்டவர்கள் நடுவிலே சுவர் எழுப்பி, திரும்பும் வழியை நெடுந்தொலைவுக்கு அப்பால் வைத்துவிட்டார்கள். வேலை முடிந்து களைத்தவன் அவ்வளவு தூரம் போய்ச் சுற்றி வர மனமில்லாமல் எதிரே வருகிறான். ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து இடப்புறம் திரும்பிச் சாலையில் சேரும் காரோட்டி வலப் பக்கத்தை மட்டுமே பார்க்கிறார். எதிர்த் திசையில் வருகிற உங்களை அவர் பார்ப்பதே இல்லை. நேருக்கு நேர் மோதினாலோ இரண்டு வேகமும் கூடிவிடும். இறங்கிச் சாலையோரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பெரிய சந்திப்பில் வலப்புறம் திரும்ப வேண்டுமானாலும் இறங்கித் தள்ளிக் கடப்பது இழுக்கல்ல. இருந்து வாழ்வதற்கு வழி.

நாலாவது, இருட்டிலே தெரிய வேண்டும். ஒரு காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைக் கண்டால் போலீசார் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். மண்ணெண்ணெய் விளக்கையாவது மாட்டிக்கொண்டு போனோம். டைனமோ வந்தது. இன்று டைனமோவும் இல்லை, காற்றைப் பிடுங்குவாரும் இல்லை. இருட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. பேட்டரியில் எரியும் சிறு சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் பொருத்துங்கள். பிரதிபலிக்கும் வில்லையை மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் வெள்ளைச் சட்டையோ மஞ்சள் சட்டையோ அணியட்டும். சுவரொட்டி ஒட்டக் கிளம்பும் தோழருக்கு இது இரட்டிப்புப் பொருந்தும்.

ஐந்தாவது, வண்டியை நம்புமுன் சோதியுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா? மழையிலே நனைந்த சக்கர வளையத்தைப் பிரேக் உடனே பிடிக்காது. மழை நாளில் முன்கூட்டியே அழுத்துங்கள். வேட்டி, லுங்கியின் நுனியை மடித்துக் கட்டுங்கள். செயின் இழுத்துக்கொண்டால் விழுவது நிச்சயம். காதிலே கைபேசி வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் ஓசைதான் நமக்குப் பின்கண். தலைக்கவசம் அணியும்படி சைக்கிள்காரனைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் மண்டையோட்டுக்கு மாற்று உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

விழுந்தவருக்கு உரிமை உண்டு

இவ்வளவு செய்தும் விபத்து நேரலாம். அப்போது பாட்டாளிக்கு நேரும் இரண்டாவது விபத்து, தன் உரிமை தெரியாமல் இருப்பது. ஆகவே கேளுங்கள்.

விழுந்தவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் நம் மேல் வரும் என்று அஞ்சி ஒதுங்கும் காலம் போய்விட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்கும் பிரிவைச் சேர்த்தார்கள். துணிந்து தூக்குங்கள், 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டப்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு தேர்ந்தெடுத்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி உண்டு. பணம் கட்டினால்தான் கை வைப்போம் என்று எவராவது சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டதா? எண் தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. முன்பு உயிர் போனால் 25,000 ரூபாய், படுகாயத்துக்கு 12,500 ரூபாய் என்று இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது 2 லட்சமாகவும் 50,000-மாகவும் உயர்ந்திருக்கிறது. வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்லுகிறது. ஆகவே காரியம் முடியட்டும், கரும்காரியம் ஆகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

மிக முக்கியமான ஒன்று. வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து திரும்பும் வழியிலோ நேர்ந்த விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு உண்டென்று காட்டினால், வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் திருத்தம் வந்தது. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. "ஆலைக்கு வெளியே விழுந்தான், எங்களுக்கென்ன?" என்று நிர்வாகம் கையை விரித்தால், சங்கம் சும்மா இருக்கலாமா? எத்தனை குடும்பங்கள் இதை அறியாமலே கையொப்பமிட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கும்!

சாலை மாற வேண்டும்

நாம் எச்சரிக்கையாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பள்ளத்தை நாம் தோண்டவில்லை. சுவரை நாம் எழுப்பவில்லை. சாலையை அகலப்படுத்தும்போது மரத்தையும் நடைபாதையையும் வெட்டி எறிந்தவர்கள் நாமல்ல.

ஹாலந்து என்னும் நெதர்லாந்தைச் சைக்கிள் நாடு என்று புகழ்கிறார்கள். வானத்திலிருந்து இறங்கியதா அந்தப் பெருமை? இல்லை. அங்கேயும் கார் பெருகி, சைக்கிள் ஒதுக்கப்பட்ட காலம் இருந்தது. 1971-ல் அந்தச் சின்னஞ்சிறு நாட்டில் சாலை விபத்தில் 3,300 பேர் வரை மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்ற வயிறுகள் பொங்கின. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே பெயரிட்டு ஓர் இயக்கம் பிறந்தது. தெருவிலே உட்கார்ந்தார்கள், சைக்கிளிலே ஊர்வலம் போனார்கள், பாராளுமன்றம்வரை குரல் கேட்டது. 1973-ல் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, ஞாயிறுகளில் கார் ஓடாத சாலையில் நடந்து பார்த்த மக்கள், இப்படியும் வாழலாமே என்று உணர்ந்தார்கள். படிப்படியாகத் தனிப்பாதை வந்தது. குடியிருப்புத் தெருக்களில் காரின் வேகம் தணிந்தது. இன்று அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 700 பேர் சாலையில் மாளுகிறார்கள். அதுவும் துயரமே, ஆனால் 3,300 எங்கே, 700 எங்கே? மக்கள் கேட்டார்கள், சாலை மாறிற்று!

நம்மிடம் ஏட்டிலே குறைவில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கு, நடப்போருக்கும் சைக்கிள் மிதிப்போருக்குமான வசதிகளுக்கே என்று அதில் எழுதிவைத்தார்கள். நாட்டிலே முதன்முதலாக இப்படி எழுதிய நகரம் என்று பெயரும் வாங்கினார்கள். எழுதிய கை வாழ்க! ஆனால் அந்த அறுபது பங்கு உங்கள் வார்டுக்கு எந்த வழியாக வந்தது? வந்த நடைபாதையில் நிற்பது யார்? கார்கள்தானே! மேம்பாலம் திறக்க மாலையோடு வருகிறவர்கள், வடிகால் மூடியைச் சமமாகப் பதிக்க ஒரு கொத்தனாரை அனுப்பக் கூடாதா?

எனவே தோழர்களே, வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதிச் சாலையைச் சைக்கிளிலேயே ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். எந்தப் பள்ளம், எந்த வடிகால் கம்பி, எந்த விளக்கில்லாத வளைவு, ஆலை விடும் நேரத்தில் எந்தச் சந்திப்பு என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலோடு வார்டு உறுப்பினரிடம் போங்கள், பகுதி சபைக் கூட்டத்தில் படியுங்கள், கிராமசபையில் தீர்மானமாக்குங்கள். ஆலை வாயிலில் வேகத்தடையும் விளக்கும் கேளுங்கள். நாலுவழிச் சாலை கடக்கத் தொழிலாளருக்கு வழி கேளுங்கள். சங்கத்தின் சார்பில் நூறு சிவப்பு விளக்கு வாங்கி, இரவு ஷிப்டுத் தோழர்களின் வண்டியில் மாட்டுங்கள். நம் மொழி தெரியாத வெளிமாநிலத் தோழனுக்கும் ஒன்று மாட்டுங்கள். விளக்குக்கு மொழி வேண்டாம். நம்மை ஆளுவோர் யாராக இருந்தாலும், அடுத்த மாதம் அதே பட்டியலோடு திரும்பப் போய் நில்லுங்கள்.

சாலைக்கான வரியைக் காரில் போகிறவர் மட்டும் கட்டவில்லை. தீப்பெட்டி வாங்குகிறவனும் கட்டுகிறான்; சோப்பு வாங்குகிறவளும் கட்டுகிறாள். அந்தப் பணத்தில் போட்ட தாரிலே, இரண்டு மூன்றடி அகலம் கேட்பது பிச்சையல்ல. அதைக் கேட்போம். கிடைக்கும் வரை விளக்கை ஏற்றிக்கொண்டு, நேர்கோட்டில், தலை நிமிர்ந்து மிதிப்போம்.